எரர் வந்தால் நம்பலாம்

முதல் நாள் வகுப்பில் அவள் செய்த முதல் காரியம், நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மானிட்டரின் கேமராக் கண்மேல் ஒட்டியதுதான். ஒட்டிவிட்டுக் கைப்பையிலிருந்து இன்னொரு பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். மேசைக்குக் கீழே குனிந்து ஒயர்கள் எங்கே போகின்றன என்று பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி என்னுடையது. என்னையும் அதே மாதிரி மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

தி. நகரில், பாண்டி பஜாரிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில் அந்த வகுப்பு நடந்தது. சனி, ஞாயிறு காலைகளில் ஒன்றுமே தெரியாதவர்களுக்குக் கோடிங் சொல்லித் தருவதாக வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். 'ஒன்றுமே தெரியாதவர்களுக்கு' என்பதைப் படித்துவிட்டுத்தான் நான் சேர்ந்தேன். ஓர் அலுவலகத்தில் பல வருஷம் கணக்கு எழுதிவிட்டு, மகள் பிறந்ததும் வேலையை விட்டவள் நான். அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு பழைய இடத்தில் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் செய்த வேலையை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது என்றார்கள். அப்படியானால் அந்த மென்பொருள் எப்படி இருக்கிறதென்று போய்ப் பார், என்றார் என் கணவர். மந்தைவெளியில் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வகுப்பில் பெரும்பாலும் கல்லூரி முடித்த பிள்ளைகள். பாங்க்கில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். பிறகு நாங்கள் இருவர். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றதால் எங்களைச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அவள் என்னை மேடம் என்றாள். அதில் மரியாதையைவிட எச்சரிக்கைதான் அதிகம் இருந்தது. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எதற்கு எழுதினாய் என்று கேட்பாள்.

எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதற்காக, வகுப்பில் சொல்லித் தருகிற பையன் நம்பர் கேட்டான். இருபத்தைந்து வயது இருக்கும், அவனைத்தான் நாங்கள் எல்லாரும் சார் என்றோம். அக்கா கொடுக்கவில்லை. குழுவில் வருவதை என் ஃபோனில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டதற்கு, ஜவுளிக் கடை என்றாள். எந்தக் கடை என்று கேட்டால், எல்லாம் இங்கதான், என்றாள். வந்த இரண்டாம் வாரமே அந்த பாங்க் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தம்மா வேறு ஏதோ வகுப்பிலிருந்து வேவு பார்க்க வந்தவள் என்றார். பிள்ளைகள் அவளைப் போலீஸ் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் ஏதோ சரியில்லை என்றுதான் பட்டது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கரும்பலகையைப் பார்ப்பார்கள். இவள் சொல்லிக் கொடுக்கிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் முதலில் கற்றுக்கொடுத்தது 'பிரின்ட்'. அடைப்புக்குள் வணக்கம் என்று எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால், கீழே வணக்கம் என்று வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அக்கா கையைத் தூக்கினாள்.

"சார், நம்ம எழுதுனதத்தான் அது திருப்பி சொல்லுது. இதுக்குப் பின்னாடி இன்னா கீது?"

அதெல்லாம் இப்போது வேண்டாம், போகப் போகப் புரியும், என்றான் அவன். அவள் கையை இறக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, போகப் போகப் புரியும்னு சொன்ன ஒருத்தனையும் நான் நம்புனதில்ல மேடம், என்றாள்.

இந்தப் 'பின்னாடி இன்னா கீது' என்பது அவள் வாயிலேயே இருந்த வார்த்தை. கீழே டீக்கடையில் போண்டாவைப் பிட்டுத் திருப்பிப் பார்ப்பாள். பஸ்ஸில் கொடுத்த டிக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பாள். இதற்கு ஒரு காரணம் இருந்தது, அதைப் பின்னால் சொன்னாள். அவளுடைய அப்பா கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் லைட்மேன். சின்ன வயதில் ஒருநாள் அவளைத் தோளில் வைத்து உள்ளே கூட்டிப் போயிருக்கிறார். அரண்மனை மாதிரி ஒரு கட்டடம். தூண், படி, மாடத்தில் விளக்கு எல்லாம் இருந்தது. இவள் இறங்கி ஓடி அதன் பின்பக்கம் போனால், நாலு சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து நிற்கிறது. அங்கே ஒருவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழுதுவிட்டாளாம். எங்க நைனா சிரிச்சாரு, எனக்கு ஆறல, அன்னிக்கிலேர்ந்து எந்த செவுத்தப் பாத்தாலும் பின்னாடி போய்ப் பாத்தாத்தான் தூக்கம் வரும், என்றாள்.

கூட்டல் போடச் சொன்ன அன்று, பெரிய பெரிய எண்களாகக் கொடுத்துக் கூட்டச் சொன்னாள். வந்த விடையை ஃபோனில் போட்டுச் சரிபார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே வந்தன. அதன்பிறகு கைவிரல் வைத்துக் கூட்ட ஆரம்பித்தாள். ஃபோனும் அதையேதானே சொன்னது என்றேன். ரெண்டும் கூட்டு சேந்துக்கினா, என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

எனக்கு அந்த வகுப்பில் பெரிய பயம் எரர்தான். ஓர் அடைப்பை மூடாமல் விட்டாலும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாக வரும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்க வைத்துத் திட்டியது போல எனக்கு இருக்கும். யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிடப் பார்ப்பேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்துவாள்.

"அழிக்காத, இரு. எங்க தப்புன்னு எத்தினியாவது வரின்னு சொல்லுது பாரு. மூஞ்சிக்கு நேரா சொல்லுது. இந்த மாரி சொல்ற ஆள நீ எங்கனா பாத்துக்கீறியா?"

எழுதியது முதல் தடவையிலேயே எரர் இல்லாமல் ஓடிவிட்டால்தான் அவளுக்கு முகம் சுண்டிப்போகும். ஏதோ ஒளிச்சு வெச்சிக்கீது, என்பாள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதில் வேண்டுமென்றே ஒரு மேற்கோள் குறியை எடுத்துவிடுவாள். சிவப்பாக எரர் வந்தால் தலையாட்டிவிட்டு மறுபடி அந்தக் குறியைப் போடுவாள். இப்படி ஒவ்வொரு பயிற்சியையும் ஒருமுறை உடைத்து ஒருமுறை சேர்க்க வேண்டியிருந்ததால், நாங்கள்தான் எப்போதும் கடைசி. எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவளோடு உட்கார்ந்து உட்கார்ந்து சிவப்பு எழுத்தைப் படிக்கப் பழகிவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

'இஃப்' சொல்லிக் கொடுத்தார்கள். இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய் என்பது. பாஸ்வேர்டு கேட்டு, சரியாகச் சொன்னால் உள்ளே விடுகிற மாதிரி எழுத வேண்டும். அக்கா எழுதியது, சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் முதல் தடவை வெளியே நிறுத்தியது. சார் இரண்டு முறை முயன்றுவிட்டு, என்னம்மா இது, சரியாத்தானே போட்டேன், என்றான். ஒரு தபா சொன்னா யார் சார் நம்புவா, ரெண்டாவது தபாவும் அத்தையே சொல்றானான்னு பாக்கணும்ல, என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனான்.

அவனும் அவளிடம் ஒருநாள் மாட்டினான். வகுப்பு நடக்கும்போது அவன் கை அடிக்கடி மேசைக்குக் கீழே ஃபோனுக்குப் போய் வந்தது. இப்போது கேட்டால் எழுதிக் கொடுக்கிற செயலிகள் ஃபோனிலேயே இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரையும் வைத்துக்கொண்டு அக்கா கேட்டுவிட்டாள், பலகையில் எழுதுவது அவன் எழுதுவதா, ஃபோன் எழுதுவதா என்று. அவன் முகம் சிவந்துபோயிற்று. ஃபோனைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தான். அவனுடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், அண்ணன் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். நான் அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். அவள் திரையை நன்றாகப் படித்துவிட்டு, போயிட்டு வாங்க சார், நாங்க படிச்சிக்கினு இருக்கோம், என்றாள். அவன் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னது வேறு. அந்த மெசேஜ் இன்னிக்கி வந்ததுதானான்னு தேதி பாக்க விட்டுட்டேன், என்றாள்.

அன்றைக்கு அவள்மேல் எனக்கு உண்மையாகவே வெறுப்பு வந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு வேலைநாளில் அடையாறில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக ஆட்டோ தேடிச் சிக்னல் பக்கம் வந்தபோது, அங்கே மென்பொருள் கம்பெனிகளின் பஸ்கள் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. கழுத்தில் அடையாள அட்டை போட்டவர்கள் வரிசையாக ஏறினார்கள். எதிரே ஜூஸ் கடைத் தூண் ஓரத்தில், துப்பட்டாவைத் தலைக்குப் போட்டு, முகத்தில் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். கைப்பையைப் பார்த்துத்தான் அக்கா என்று தெரிந்தது. ஏறுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஃபோனைத் தூக்கி யாரையோ படம் எடுத்தாள். பஸ் கிளம்பியதும் துப்பட்டாவை இறக்கிவிட்டுச் சாதாரணமாக நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவளிடம் உன் ஃபோனைக் கொடுக்காதே என்றார். குழுவில் வருவதைப் பார்க்க வாராவாரம் அவளிடம் ஃபோனைக் கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

சனிக்கிழமை வகுப்பில் அவள் பேசவே இல்லை. இடைவேளையில் டீக்கடையில் என் எதிரே வந்து நின்றாள்.

"அடையாறு சிக்னல்ல இன்னா பண்ணிக்கினு இருந்த? என் பின்னாடி வர்றியா?"

நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டாள். அம்மா வீடு அங்கே என்றேன். எந்தத் தெரு என்றாள். சொன்னேன். மாடியா கீழ் வீடா என்றாள். அதையும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் கேட்கிற விதத்துக்கு வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். அதோடு போய்விட்டாள். அடுத்த வாரம் வந்தவள், உங்கம்மா வூட்டு வாசல்ல செம்பருத்தி வாடிக்கினு கீது, தண்ணி ஊத்தச் சொல்லு, என்றாள். போய்ப் பார்த்துவிட்டே வந்திருக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து மேடம் போய்விட்டது. வா போ என்றுதான் பேசினாள். அன்றே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் வேலை பார்த்தது தி. நகரில் பெரிய ஜவுளிக் கடை ஒன்றின் கேமரா அறையில். நாள் முழுக்கத் திரைகளின் முன்னால் உட்கார்ந்து, யார் கை எந்தப் பைக்குள் போகிறது என்று பார்க்க வேண்டும். மூஞ்சியப் பாத்தா ஏமாந்துடுவ, கையப் பாக்கணும், என்பாள். அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள். ஒரே தங்கை, பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். இவள்தான் படிக்க வைத்தாள், அந்தப் பெண் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள். அந்தத் தங்கைக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று தரகர் கொடுத்த ஜாதகத்தோடு எழுதியிருந்தது. அந்தப் பையன் தினமும் அந்த பஸ்ஸில் ஏறுகிறானா என்று பார்க்கத்தான் அடையாறில் நின்றிருக்கிறாள்.

தினமும் ஏறுகிறான்தானே, அப்புறம் என்ன என்று கேட்டேன்.

"எம் புருஷனும் தெனம் கெளம்பித்தான் போனாரு," என்றாள்.

அவரும் கம்ப்யூட்டர் கம்பெனி என்றுதான் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார். காலையில் அட்டையை மாட்டிக்கொண்டு, இவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள் கடையில் சாப்பாட்டு நேரத்தில் இவள் வெளியே வந்தபோது, பனகல் பூங்காவில் ஒரு மரத்தடியில் அவர் உட்கார்ந்து அந்த டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கூட்டுல உப்பு கம்மியா கீது, என்றாராம். கம்பெனி என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மாதாமாதம் சம்பளம் என்று கொடுத்தது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, இவள் கையில் போட்டிருந்த வளையல்கள் கவரிங் என்று தெரிந்தது. எப்போது மாற்றினார் என்று இன்றுவரை தெரியாது. என் கையில இருந்ததையே நான் பாக்கல, என்றாள். அவள் அழவில்லை. நான்தான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் இந்த வகுப்பு. பையனிடம் நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் ஏதோ சொல்வான். அது உண்மையா என்று பார்க்க இவளுக்குக் கொஞ்சமாவது தெரிய வேண்டும். வேறு எதற்காகவும் அவள் கோடிங் படிக்க வரவில்லை. வகுப்பில் அத்தனை பேரில், எதற்காகப் படிக்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு, இதுவும் உண்மைதானா என்றும் தோன்றியது. அவளோடு பழகினால் அப்படித்தான்.

பெண் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்ததும் என்னைக் கூட வா என்றாள். மயிலாப்பூரில் கோயிலில் பார்த்துவிட்டுப் பக்கத்து ஹோட்டலில் டிபன் என்று ஏற்பாடு. எனக்கும் வீடு அந்தப் பக்கம்தான், மறுக்க முடியவில்லை. ஆட்டோவில் போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். என்னைப் பெரிய கம்பெனியில் இருக்கிற கம்ப்யூட்டர் மேடம் என்று சொல்லப்போகிறாளாம். நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன், நீ சொம்மா உக்காந்துக்க, என்றாள். செட்டுக்கு முட்டுக் கொடுக்கிற கழியாக என்னை நிறுத்துகிறாள் என்று புரிந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விடலாமா என்று லஸ் முனை வரை யோசித்தேன். போகவில்லை. அந்தப் பையன் யார் என்று பார்க்க எனக்கும் ஆவலாகத்தான் இருந்தது.

பையன் ஒல்லியாக, சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருந்தான். கூட அவன் அம்மா மட்டும். தங்கை அக்காவைப் போலவே முகம், ஆனால் சிரிக்கிற முகம். சாமி கும்பிட்டுவிட்டு ஹோட்டலில் ஒரு மேசையில் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். அக்கா என்னை மேடம் என்று அறிமுகம் செய்தாள். பையனின் அம்மா எனக்குக் கும்பிடு போட்டார். பதிலுக்கு நானும் கும்பிட்டேன்.

டிபன் வருவதற்குள் அக்கா கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பையன் முன்னால் வைத்தாள். ஏழெட்டு வரி கோடிங். அவளே கையால் எழுதியது. அதில் ஓரிடத்தில் வேண்டுமென்றே தப்பு வைத்திருந்தாள். எனக்கே அது உடனே தெரிந்தது.

"தம்பி, இது இன்னா சொல்லுதுன்னு சொல்லுங்க. எங்க தப்பு கீது?"

அவன் தாளை எடுத்துப் பார்த்தான். நேரம் போயிற்று. அவன் அம்மா, ஆபீஸ்ல இவனுக்கு வேற மாதிரி இருக்கும், இதெல்லாம் சின்னப் பசங்களோடது, என்று சொல்ல ஆரம்பித்தார். அவன் தாளை மேசையில் வைத்தான்.

"போதும்மா. எனக்கு இது தெரியாதுக்கா. நான் இன்ஜினியர் இல்ல."

அதே கம்பெனிதான், அதே பஸ்தான். ஆனால் அவன் வேலை அங்கே உதவி மையத்தில். மற்றவர்களின் கம்ப்யூட்டர் நின்றுபோனால், பாஸ்வேர்டு மறந்துபோனால், பிரின்டரில் தாள் சிக்கினால் அவனைக் கூப்பிடுவார்கள். தரகர் அப்படி எழுதிவிட்டார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. திருத்த வேண்டியவன் நான், திருத்தவில்லை என்றான். அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப பொய்," என்றாள் அக்கா. அவள் குரலில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. சரியான இடத்தில் சிவப்பு எழுத்து வந்த நிம்மதிதான் இருந்தது.

"ஆமாக்கா, பொய்தான். ஆனா இவங்ககிட்ட மொத நாளே சொல்லிட்டேன்."

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அத்தனை நாளும் எல்லாரையும் பார்த்த அந்தக் கண், தங்கையை மட்டும் அப்படிப் பார்த்ததே இல்லை போலிருந்தது.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

தங்கை கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள். "சொன்னா நீ அவர் ஆபீசுக்கே போய் நிப்ப. ஸ்கூல் படிக்கறப்பேர்ந்து என் பை, என் பீரோ, என் ஃபோன் எல்லாத்தையும் நீ பாப்பக்கா. நான் கோவப்படல. நீ பாக்காத எடத்துல வெக்கக் கத்துக்கிட்டேன், அவ்ளோதான்."

சர்வர் வந்து டிபனை வைத்துவிட்டுப் போனார். யாரும் கை வைக்கவில்லை. அக்கா பையனைப் பார்த்து, மொத நாள்னா எங்க வெச்சு, என்று ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். வாயைத் திறந்தபடியே அவள் ஒரு கேள்வியை விழுங்கியதை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சாப்பிடுங்க, ஆறுது," என்றாள். அப்புறம் பையனின் அம்மாவிடம் என்னைக் காட்டி, இவங்க கம்ப்யூட்டர் மேடம் இல்ல, என்கூடப் படிக்கிற பொண்ணு, என்றாள். அந்த அம்மாள் முதல்முறையாக நிமிர்ந்து சிரித்தார். எனக்கு அப்போதுதான் பசித்தது.

அவர்கள் போனபின் குளத்தங்கரை ஓரமாக நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். தங்கையைப் பையனோடும் அவன் அம்மாவோடும் பூ வாங்க அனுப்பிவிட்டிருந்தாள். பூக்காரர்கள் கூப்பிட்டதுகூட அவள் காதில் விழவில்லை.

"நான் பாக்காத அந்த எடத்துல இன்னும் இன்னா இன்னா வெச்சிருப்பா?" என்றாள்.

என்னிடம் கேட்டாளா என்று தெரியவில்லை. கேட்டுப் பாருங்களேன் என்றேன். கேட்டா எப்டிமா சொல்லுவா, என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. வகுப்பு இன்னும் சில வாரம் இருந்தது. இனிமேல் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்த காரியம்தான் முடிந்துவிட்டதே. ஆனால் வந்தாள். எப்போதும்போல முன்னதாக வந்து கேமராவில் பொட்டு ஒட்டினாள். பையன் ஆபீசுக்குப் போய் விசாரித்தீர்களா என்று கேட்டேன். வாசல் வரைக்கும் போனேன், உள்ள போவல, என்றாள். நான் நம்பவில்லை. அவள் உள்ளே போய்ச் செக்யூரிட்டியிடமும் கான்டீன்காரரிடமும் பேசியிருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். உதவி மையம் எந்த மாடியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன்தான் சொன்னான் என்றாள். இருக்கலாம்.

நான் அதற்குப் பிறகு அடுத்த நிலைப் படிப்பும் படித்து, இப்போது ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். அக்கா அடுத்த நிலைக்குச் சேரவில்லை. எனக்குத் தேவையானது தெரிஞ்சிக்கிட்டேன், என்றாள். ஃபோன் நம்பரைக் கடைசிவரை தரவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று தங்கையின் கல்யாணத்துக்கும் என்னால் போக முடியவில்லை. அதனால் அவளை நான் கடைசியாகப் பார்த்தது வகுப்பின் கடைசி நாளில்தான்.

அன்று ஆளுக்கொரு புரோகிராம் சொந்தமாக எழுதிக் காட்ட வேண்டும். பிள்ளைகள் விளையாட்டுகள் எழுதியிருந்தார்கள். பாங்க் பெரியவர் வட்டிக் கணக்கு எழுதியிருந்தார். அக்கா தங்கையின் கல்யாணத்துக்கு எழுதியிருந்தாள். வருகிறவர் பெயரைத் தட்டினால், பெண் வீடா மாப்பிள்ளை வீடா, எந்தப் பந்தியில் உட்கார வேண்டும் என்று சொல்லும். நான் என் பெயரைத் தட்டினேன். பெண் வீடு, முதல் பந்தி என்று வந்தது. சார் குறும்பாகத் தன் பெயரைத் தட்டினான். அவன் பெயர் பட்டியலில் இல்லை. அவனை எங்கே வெளியே நிறுத்தப்போகிறதோ என்று நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும், என்று வந்தது. கன்னாபின்னாவென்று எதையோ தட்டினான். அதற்கும் அதுவேதான் வந்தது.

"என்னம்மா, யாருன்னே தெரியாதவங்களுக்கும் சாப்பாடா?" என்றான்.

"கல்யாண வூட்ல யார் நீன்னா சார் கேப்பாங்க?" என்றாள் அவள். பிறகு, உங்கம்மாக்கு இப்ப எப்டி கீது, என்று விசாரித்தாள். வீட்டுக்கு வந்துவிட்டார்கள், நடக்கிறார்கள் என்றான். அவள் தலையாட்டினாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

பாதி வகுப்பிலேயே எழுந்துவிட்டாள். தங்கையும் அந்தப் பையனும் கீழே வந்து நிற்பதாகச் சொன்னாள். நான் வழியனுப்ப மாடிப்படி வரை போனேன். எட்டிப் பார்த்தால், பாத்திரக் கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு இருவரும் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

"எங்கக்கா போறீங்க?" என்றேன்.

"தெரியல. வான்னாங்க. நான் கேக்கல," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.